பணம் வேணும், பிள்ளை வேணாமா?

அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி நம் தோழர்கள் சிலர் உருகி உருகிப் பேசுகிறார்கள். கறுப்பினக் குடியிருப்புகளில் அரசுப் பள்ளிகள் பாழாய்க் கிடந்தனவாம், சார்ட்டர் வந்ததாம், பிள்ளைகள் கரையேறினார்களாம். சில நகரங்களில் பல பிள்ளைகள் கரையேறியது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. படகில் யாரை ஏற்றவில்லை என்பதுதான் கேள்வி.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சார்ட்டர் பள்ளி என்பது அரசாங்கப் பணத்தில், ஒரு தனிக் குழு ஒப்பந்தம் போட்டு நடத்துகிற பொதுப்பள்ளி. 1991இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கு முதல் சட்டம் போட்டது. கட்டணம் இல்லை. இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல். ஆசிரியரை அமர்த்துவது, பாட நேரம் வகுப்பது என்று பல விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து விலக்கு கிடையாது. பிள்ளையைக் கண்டறியணும், சோதிக்கணும், பெற்றோரையும் உட்கார வைத்து அந்தப் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதணும், அதில் எழுதிய உதவியைக் காசு வாங்காமல் கொடுக்கணும், முடிந்தவரை மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்கணும். 1975இன் கூட்டரசுச் சட்டம் சொல்வது இது.

இது யாரோ கருணையில் போட்ட பிச்சை இல்லை. 1972இல் வாஷிங்டன் நகரில் மில்ஸ் வழக்கு. பள்ளி துரத்திய ஏழு பிள்ளைகளின் பெயரில் போடப்பட்டது. ஏழு பேரும் கறுப்பர்கள். நிர்வாகம் "பணமில்லை" என்றது. பணம் பற்றாது என்றால் அந்தப் பற்றாக்குறையை இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்ட முடியாது என்றது நீதிமன்றம். 1973இல் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு வந்தது. அதற்கான விதிகளில் கையெழுத்துப் போடாமல் நாலு வருசம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்து போட்டது யார்? கருஞ்சிறுத்தைகள். உள்ளே சக்கர நாற்காலியில் இருந்த பிராட் லோமாக்ஸும் சிறுத்தைதான். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அந்த வழியில் வந்த நாம் "ஊனம் வேற பிரச்சனை, சாதி வேற பிரச்சனை" என்று பிரித்துப் பேசினால் எப்படி?

சரி, சட்டம் இருக்கிறது. நடப்பது என்ன? கூட்டரசின் தணிக்கை அலுவலகம் 2012இல் கணக்குக் கொடுத்தது. 2009–10 கல்வியாண்டில் வழக்கமான பொதுப்பள்ளிகளில் நூற்றுக்கு 11 பேர் மாற்றுத்திறனாளிகள், சார்ட்டர் பள்ளிகளில் 8 பேர். கேட்டால், "நாங்க தேவையில்லாம முத்திரை குத்துறதில்ல" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. கலிபோர்னியாவில் அறிவுச் சோதனை என்ற பெயரில் கறுப்புப் பிள்ளைகளை மந்தபுத்திக்காரர் வகுப்பில் ஒதுக்கியதை 1979இல் நீதிமன்றம்தான் நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் பொய்யான முத்திரையை மறுப்பதும், உதவி தேவைப்படுகிற பிள்ளையை வாசலோடு அனுப்புவதும் ஒன்றா?

அனுப்புகிற விதம் இருக்கிறதே, அது நயமானது. நான் வங்கிக் கவுண்ட்டரில் உட்காருகிறவன். சேரியிலிருந்து கடன் கேட்டு வருகிற ஆளிடம் யாரும் "கிடையாது" என்று சொல்வதில்லை. "மேனேஜர் லீவு", "இன்னும் ஒரு ஜாமீன் கூட்டிட்டு வாங்க", "அந்தக் கிளையில கேளுங்க, அங்கதான் உங்களுக்கு நல்லா செய்வாங்க". மூணாவது தடவை அவரே வருவதை நிறுத்திவிடுவார். மறுத்ததாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சார்ட்டர் பள்ளியும் இதே மொழிதான் பேசுகிறது: "உங்க பையனுக்கு இந்தப் பள்ளிக்கூடம் பொருந்தாதும்மா." சட்டப்படி, தொடர்ந்து பத்துப் பள்ளி நாளுக்கு மேல் வெளியே நிறுத்த வேண்டுமென்றால், அந்த நடத்தை குறைபாட்டினால் வந்ததா என்று விசாரித்தாக வேண்டும். அதனால் நிறுத்துவதில்லை. தினம் பதினோரு மணிக்குத் தாய்க்குப் போன்: "வந்து கூட்டிட்டுப் போங்க." மணிக்கணக்குக் கூலிக்கு வேலை பார்க்கிறவள் எத்தனை நாள் வருவாள்?

நியூயார்க்கில் சக்சஸ் அகாடமியின் புரூக்ளின் பள்ளி ஒன்றில் 'போயாக வேண்டியவர்கள்' என்று தலைப்பிட்டு 16 பிள்ளைகளின் பட்டியலே இருந்ததை 2015இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஒன்பது பேர் போயும்விட்டார்கள். ஒரு தலைமை ஆசிரியரின் தவறு என்றது நிர்வாகம். ஐந்து குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2021இல் இழப்பீடும் வழக்குச் செலவுமாகச் சுமார் 24 லட்சம் டாலர் கட்ட உத்தரவானது.

நியூ ஆர்லியன்ஸ் இன்னும் மோசம். 2005இல் கத்ரீனா புயல் அடித்தது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலை இழந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். பள்ளிகளைச் சார்ட்டராக மாற்றினார்கள். அங்கே பல பள்ளிகள் ஒவ்வொன்றும் தானே ஒரு கல்வி மாவட்டம். சட்டத்தில் இதற்கு அர்த்தம், முழுப் பொறுப்பும் அந்தப் பள்ளிக்கே என்பது. நடப்பில் அர்த்தம், கைகழுவ வசதி. ஒரு பள்ளி தள்ளிவிட்டால் அடுத்த பள்ளி, அதுவும் தள்ளினால் அதற்கடுத்தது. சேர்க்க மறுக்கிறார்கள், சேர்த்தாலும் உதவி தருவதில்லை, ஒழுங்கு நடவடிக்கை என்று வெளியேற்றுகிறார்கள் என்று 2010இல் வழக்கு. 2015இல் சமரசத்தை நீதிமன்றம் ஏற்று, சுதந்திரக் கண்காணிப்பாளரை வைத்தது. ஐந்து வருசம்! அன்று முதல் வகுப்பில் இருந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கும்.

"சின்னப் பள்ளி, செலவு தாங்காது" என்பது கடைசி வாதம். மில்ஸ் தீர்ப்பிலேயே இதற்குப் பதில் வந்துவிட்டது. 2016 டிசம்பரில் கூட்டரசுக் கல்வித்துறையின் குடியுரிமை அலுவலகமும் எழுத்தில் சொன்னது: உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் இடம் என்று பெற்றோரிடம் கேட்கக் கூடாது. அதே அலுவலகத்தின் 12 மண்டலக் கிளைகளில் ஏழை மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். புகாரை வாங்க ஆளில்லாத சட்டம் யாருக்கு?

இதைவிடப் பெரிய கத்தி ஓக்லஹோமாவில் தீட்டப்பட்டது. ஒரு கத்தோலிக்க சார்ட்டர் பள்ளி, "அரசுப் பணம் வாங்கினாலும் நாங்கள் தனியார், அரசின் அங்கமல்ல" என்று உச்சநீதிமன்றம் வரை போனது. பேசியது மதத்துக்காக. ஆனால் சார்ட்டர் என்பது பொதுப்பள்ளி என்ற அடித்தளத்தில்தான் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் உரிமையும் நிற்கிறது. 2025 மே மாதம் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்தார்கள். ஒருவர் விலகியிருந்தார். அதனால் மாநில நீதிமன்றத்தின் மறுப்பு அப்படியே நின்றது. முன்னுதாரணம் எதுவும் உருவாகவில்லை. அடுத்த வழக்கில் ஒன்பது பேரும் உட்காரலாம்.