நோயர் நாவும் மருத்துவர் செவியும்

மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என்னும் அந்நான்கனுள் நோயுற்றவரையே அவர் முன்னிறுத்தினார். இன்று நம் மருத்துவக் கல்லூரிகளில் நடைபெறும் பயிற்சியோ அவரைக் கடைசியில் நிறுத்துகின்றது. வேற்று மக்களுக்கென எழுந்த பாடத்தை, எழுந்தவாறே இங்குக் கொணர்ந்து இறக்கி வைத்தமையே அதற்குக் கரணியம்.

மேலை மருத்துவம் வேண்டா என்பது நம் கருத்தன்று. பெரியம்மையை ஒழித்தது அவ்வறிவு. மகப்பேற்றில் தாயர் மாய்வதைக் குறைத்ததும் அவ்வறிவே. அறிவுக்கு நாட்டெல்லை இல்லை. ஆனால், அதைப் பயிற்றும் முறைக்கு நாடுண்டு, மொழியுண்டு, மக்களுண்டு. விதை எங்கிருந்தும் வரலாம். உழவு இம்மண்ணுக்கு ஏற்றதாகத்தான் இருத்தல் வேண்டும்.

இதனை நமக்கு முன்னரே உணர்ந்தவர் ஓர் அமெரிக்கர். சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் அம்மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்; மறு ஆண்டே மானிப்பாயில் நம் இளைஞர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் கற்பித்தது ஆங்கிலத்தில். அங்ஙனம் கற்றவர் பலர் அரசுப் பணி நாடி வேற்றூர்களுக்குச் சென்றனர். சிற்றூர்கள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தன. ஊரிலேயே தங்கித் தம் மக்களைக் காக்கும் மருத்துவரே வேண்டுமெனக் கண்ட கிரீன், 1864இல் பயிற்று மொழியைத் தமிழாக்கினார். தாமே தமிழ் கற்று, உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியல் ஆகிய துறைகளில் 4000 பக்கங்களுக்கு மேல் தமிழில் வருவித்தார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அப்பணியை விட்டாரல்லர். 1884இல் மறைந்த அவர், தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்க விழைந்தார்.

அவர் படைத்த சொற்களில் நமக்கு உடன்பாடின்மை உண்டு. 'அங்காதிபாதம்' என்றும் 'இரண வைத்தியம்' என்றும் 'கெமிஸ்தம்' என்றும் நூற்பெயர் இட்டார். உடற்கூறும் புண்ணும் தமிழில் பெயரற்றுக் கிடக்கவில்லை. எனினும், வடசொல் மலிந்த அக்கால எழுத்து வழக்கே அவருக்குக் கிடைத்தது. வந்தவர் வழி திறந்தார். வழியைச் செப்பனிட வேண்டியவர் நாம். நாமோ அவ்வழியையே புதர் மண்ட விட்டுவிட்டோம்!

சப்பானியர் அவ்வாறு விடவில்லை. சுகித்தா கென்பாக்கும் அவர்தம் தோழரும் ஒல்லாந்த மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றைப் பெயர்த்து 1774இல் வெளியிட்டனர். நரம்பைக் குறிக்க அவர்கள் அன்று படைத்த சொல்லே இன்றும் அந்நாட்டில் வழங்குகின்றது. இன்று சப்பானிய மருத்துவ மாணவர் தம் தாய்மொழியிலேயே கற்கின்றார். உலக ஆய்வுகளைப் படிக்க ஆங்கிலமும் அறிகின்றார். இதனால் அவர்தம் மருத்துவம் உலகிற் பின்தங்கிவிட்டதா?

இனி, நோயர் படுக்கையருகே வருவோம். குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல், கடுப்பு, பிசைவு, தெறிப்பு, மதமதப்பு என நம் மக்கள் நோவினை வேறு வேறாகப் பிரித்துரைக்கின்றனர். குடைச்சல் வேறு, குத்தல் வேறு. மதமதப்பு வலியே அன்று, உணர்வு குன்றுதல். வேற்றுமொழிப் பட்டியலை மனப்பாடம் செய்து வந்த இளைஞர், இவ்வனைத்தையும் 'வலி' என்னும் ஒரே கட்டத்துள் எழுதிவிட்டால், நோய் நாடுதற்குரிய முதற் குறிப்பையே இழந்தவராவார்.

சொல்லோடு வாழ்க்கையும் உண்டு. 'உடம்பு சூடு' என்று தாய் சொன்னால் அது காய்ச்சலே என்று கொள்ளலாகாது. வாய்ப்புண்ணையும் நீர்க்கடுப்பையும் அவள் அச்சொல்லாற் சுட்டலாம். வயிற்றுப்போக்குற்ற குழவிக்கு நீர் கொடுத்தலாகாது என்னும் தீய வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அதனை அறிந்த மருத்துவரே, 'தாய்ப்பாலை நிறுத்தாதே. உப்பிட்ட கஞ்சித் தெளிவைச் சிறிது சிறிதாகப் புகட்டு' என்று அவ்வீட்டு அடுப்பங்கரைச் சொல்லாலேயே திருத்த வல்லார். அறியாதவர் தாளில் எதையோ எழுதி நீட்டுவார். தாய் தலையசைத்துச் செல்வாள். குழவியின் உயிரன்றோ இடையில் ஊசலாடுவது?

ஆகவே, நூலை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பயிற்சியையே நம் மக்களுக்கேற்ப மாற்றியமைத்தல் வேண்டும். நோயரிடம் தமிழில் கேட்டறியும் திறனைத் தனித்தேர்வாக்குக. செவிலியர்க்கு நல்ல தமிழ் நூல்கள் தருக. பனிக்குடம், நச்சுக்கொடி என அழகிய பெயரிட்ட மருத்துவச்சியரிடமும், எலும்பு கட்டுவோரிடமும், உழவரிடமும் சென்று சொற்களைத் திரட்டுக. வட்டாரந்தோறும் வழங்கும் நோவுச் சொற்களுக்கு அகரமுதலி ஒன்று காண்க. தமிழாசிரியரும் மருத்துவரும் ஒருங்கமர்ந்தால் ஆகாத வினையன்று இது.

கடல் கடந்து வந்த ஒருவர், நம் மக்களின் நோய் தீர்க்க நம் மொழியைக் கற்றார். இம்மண்ணிற் பிறந்து, இம்மக்கள் வரிப்பணத்திற் படித்து வெளிவரும் மருத்துவர்க்கு அம்மக்கள் சொல் விளங்கவில்லையெனின், இழுக்கு அவருடையது மட்டுமன்று; அவரை அவ்வாறு பயிற்றுவித்த நம்முடையதும் ஆகும். தமிழ் மக்களே, நோயர் நாவுக்கு எட்டும் செவியுடைய மருத்துவரைக் கேளுங்கள். அது கெஞ்சிப் பெறும் சலுகையன்று, உங்கள் உரிமை!