யாருக்கு நல்ல சாவு?

போன மார்கழியில் எங்கள் தெருவில் ஒரு சாவு. அவருக்கு வயது 52. அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். விடியற்காலை பால் வாங்கப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி புரோட்டா சாப்பிட்டேன், வாயு அடைச்சிருக்கு" என்றார். அவர் மனைவி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். எதிர்வீட்டுப் பையன் சோடாவுக்கு ஓடினான். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. பிறகு சரிந்தார்.

சுற்றி எட்டுப் பேர் நின்றோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், வலிப்பு என்று நினைத்து ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். விக்கி விக்கி மூச்சு இழுத்தது. "மூச்சு இருக்கு, பயமில்லே" என்று சொன்னது நான்தான். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் உடம்பு அப்படி இழுக்கும், அது மூச்சே அல்ல என்று எனக்கு அன்று தெரியாது.

பந்தலில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "நல்ல சாவு. கொடுத்து வச்ச மனுஷன். படுக்கையில கிடக்கல, யாருக்கும் பாரமில்ல." பிளஸ் டூ படிக்கும் அவர் மகள் அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வார்த்தையைத்தான் நான் எதிர்க்கிறேன். 90 வயதில், பேரன் பேத்தி பார்த்து, தூக்கத்தில் போன பாட்டியை நல்ல சாவு என்றால் எனக்கு வழக்கில்லை. 52 வயதில் வீட்டுத் திண்ணையில், கைக்கெட்டும் தூரத்தில் எட்டுப் பேர் நிற்கும்போது நேர்ந்த சாவுக்கு அந்தப் பெயரை வைப்பது பெரும் அநியாயம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று யாரும் கேட்காதபடி அந்தச் சொல் வாயை அடைத்துவிடுகிறது. விதி முடிந்தது என்று கை கழுவிய பிறகு, அடுத்த வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடிக்கும்போதும் சோடாவுக்குத்தான் ஆள் ஓடும்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு உண்மையான பயம் இருக்கிறது. பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் கிடந்தவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களைப் புரட்டிப் போட்டுத் துடைத்த மருமகள்களையும், விற்றுப்போன நிலத்தையும் பார்த்திருக்கிறோம். அந்த பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது தவறான இடத்தில் ஆறுதல் தேடுகிறது. மாரடைப்பு வந்த எல்லோரும் அந்த இடத்திலேயே சாவதில்லை. இரத்தக்குழாய் அடைபட்ட நேரத்திலிருந்து இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வருகிறது. வாயு என்று காத்திருந்துவிட்டுப் பிழைத்தவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பலவீனமான இதயம்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், காலில் நீர் கோக்கும். யாருக்கும் பாரமாகக் கூடாது என்பவர்தான் முதல் வலியிலேயே 108-ஐ அழைக்க வேண்டும்.

"ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல, உழைச்ச உடம்பு" என்றும் பந்தலில் சொன்னார்கள். உழைத்த உடம்பு என்றால் தீயணைப்பு வீரரின் உடம்பைவிடவா? அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் இருக்கும்போது இறந்ததைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தச் சாவுகளில் 45 சதவீதம் இதய நோயால் நேர்ந்தவை. தீயை அணைப்பதில் அவர்கள் செலவிடும் நேரம் மிகக் குறைவு. ஆனாலும் இதய நோய்ச் சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்த நேரத்தில்தான் நடந்திருக்கிறது. இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் உள்ளே இருந்தால் உழைப்பாளி என்று பார்த்து அவை விலகுவதில்லை. எங்கள் தெருக்காரருக்குக் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள் என்று மனைவியைக் கேட்டேன். மகள் பிறந்தபோது தனக்குப் பார்த்தார்கள், கணவருக்குப் பார்த்ததே இல்லை என்றார்.

திடீர்ச் சாவு விதி அல்ல என்று நிரூபித்தவர்களும் தீயணைப்புக்காரர்கள்தான். 1966-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியின் வாசலுக்கே கொண்டு போனார். அதைப் பற்றிப் படித்த சியாட்டில் மருத்துவர் லெனார்டு காப், தங்கள் ஊர்த் தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரியிடம் போனார். காரணம் எளிமையானது. ஊரின் எந்த மூலைக்கும் சில நிமிடங்களில் போய்ச் சேரும் ஆட்கள் அவரிடம்தான் இருந்தார்கள். வீரர்களுக்கு ஈ.சி.ஜி. பார்க்கவும், மின் அதிர்ச்சி கொடுக்கவும், மருந்து ஏற்றவும் கற்றுக்கொடுத்தார்கள். 1970 மார்ச்சில் அவர்களுடைய வண்டி ஓடத் தொடங்கியது. எவ்வளவு வேகமாகப் போனாலும் முதல் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன என்று விரைவிலேயே அவர்களுக்குப் புரிந்தது. ஊர் ஜனங்களுக்கே நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். கண்ணெதிரே விழுந்து, மின் அதிர்ச்சியால் மீட்கக்கூடிய நிலையில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்து வீடு திரும்பிய ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் உண்டு. அந்தப் பாதிப் பேரும் வேறு ஊரில் விழுந்திருந்தால் அவர்களுக்கும் யாராவது நல்ல சாவு என்று பெயர் வைத்திருப்பார்கள்.

இங்கே வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு உடனே கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் தெருவிலிருந்து அந்த நிலையம் நடக்கிற தூரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவரைக் கைத்தாங்கலாக ஒரு வண்டியில் ஏற்றி அங்கே கொண்டு போயிருக்கலாம். நாங்கள் சோடா உடைத்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 14-ல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தார் பள்ளிக்கூடத் திடலுக்கு வந்தார்கள். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிகுண்டும் பருத்தியும் ஏற்றியிருந்த கப்பல் வெடித்தபோது மாண்ட வீரர்களின் நினைவாக நடப்பது அந்த வாரம். எண்ணெய்ச் சட்டியில் பற்றிய தீயை ஈரச் சாக்கால் மூடிக் காட்டினார்கள். பிறகு ஒரு ரப்பர் பொம்மையைத் தார்ப்பாயில் கிடத்தினார்கள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி, மேலே மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. "எலும்பு முறிஞ்சாலும் பரவாயில்ல, அது கூடிரும். செய்யாம விட்டீங்கன்னா ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்புல பத்துல ஒரு பங்கு போயிட்டே இருக்கும்" என்றார் ஒரு வீரர்.

கூட்டத்தில் அந்த மகளும் இருந்தாள். பரீட்சை முடிந்திருந்தது. முன்னால் வந்து மண்டியிட்டாள்.

"இன்னும் ஆழமா அழுத்தும்மா, பொம்மைதானே" என்றார் அவர்.

அழுத்தினாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்தினாள். முப்பது வந்ததும் அவர், "போதும்மா, அடுத்தவங்க வரட்டும்" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.