காலி ரோட்டில் கேமரா எதைப் பார்த்தது?

2020 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டப் போலீசார் வெளியிட்ட ஒரு வீடியோ உங்களுக்கு நினைவிருக்கலாம். ஊரடங்கு நேரத்தில் வெட்டவெளியில் கேரம் ஆடிக் கொண்டிருந்த இளைஞர்களை ஒரு ட்ரோன் துரத்தும். அவர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். கேமராவில் முகம் தெரியாமல் இருக்க கேரம் போர்டையே மறைவாகப் பிடித்துக் கொள்வார்கள். அதே மாதம் இன்னொரு வீடியோவும் வந்தது. பல்லடத்தில் மாஸ்க் இல்லாமல் ஒரே ஸ்கூட்டரில் சுற்றிய மூன்று பேரை, கொரோனா நோயாளி போல நடித்தவர் படுத்திருந்த ஆம்புலன்சில் ஏற்றி அலற விட்டார்கள். இரண்டும் வாட்ஸ்அப்பில் நாடு முழுக்கச் சுற்றின. எல்லோரும் சிரித்தோம்.

இப்போது அவற்றை மறுபடி பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ட்ரோன், சிசிடிவி, இ-பாஸ் இணையதளம், ஆரோக்ய சேது ஆப் என்று அந்த நாட்களில் நம்மைச் சுற்றி எத்தனை டெக்னாலஜி! அத்தனையும் கேட்டது ஒரே கேள்வி: "நீ ஏன் வெளியே வந்தாய்?" வெளியே வந்தவர் எந்த வேகத்தில் போகிறார் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் திருப்பூர் போன்ற ஊரில் நடைமுறையில் உள்ள ஒரே வேகக் கட்டுப்பாடு டிராஃபிக் ஜாம்தான். இரவு 8 மணிக்கு ஷிப்ட் விடும் நேரத்தில் குமரன் ரோட்டிலோ பி.என். ரோட்டிலோ போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பெனி வேன்கள், முன்னும் பின்னும் துணி பண்டல் ஏற்றிய மொபெட்டுகள், டவுன் பஸ்கள், நடந்து வரும் தொழிலாளர்கள் என்று ரோடு நிரம்பி வழியும். எவ்வளவு பெரிய பைக் வைத்திருந்தாலும் அங்கே 20 கி.மீ. வேகத்தைத் தாண்ட முடியாது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலானதும் இந்த ஜாம் காணாமல் போனது. அதன் இடத்தில் வேறு எதுவும் வைக்கப்படவில்லை.

பால், மருந்து, பிறகு மாஸ்க்கும் பாதுகாப்பு உடையும் தைத்த கம்பெனிகளின் லோடு என்று அனுமதியோடு ஓடிய வண்டிகள் இருந்தன. "சும்மா ஒரு ரவுண்டு" என்று அனுமதி இல்லாமல் கிளம்பிய பைக்குகளும் இருந்தன. காலி ரோட்டைப் பார்த்ததும் வலது கை தானாக முறுக்கத் தொடங்கியது. மெயின் ரோட்டில் போலீஸ் நிற்பார்கள் என்று பலர் உள்வீதிகளில் புகுந்தார்கள். பள்ளிக்கூடங்களும் பார்க்குகளும் மூடியிருந்ததால் பிள்ளைகள் ஷட்டில் ஆடியது அதே வீதிகளில்தான். ஊரடங்கை மீறியதை விட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

எண்களைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2019-ல் இந்தியாவில் 4,49,002 சாலை விபத்துகள், 1,51,113 மரணங்கள். 2020-ல் 3,66,138 விபத்துகள், 1,31,714 மரணங்கள். "குறைந்துதானே இருக்கிறது?" என்பீர்கள். இந்த நான்கு எண்களையும் எக்ஸெல் ஷீட்டில் போட்டு, மரணங்களை விபத்துகளால் வகுத்துப் பாருங்கள். 2019-ல் 100 விபத்துக்கு 33.7 பேர் இறந்திருக்கிறார்கள். 2020-ல் 36 பேர். 2021-ல் 37.3. விபத்து குறைந்தது, ஆனால் நடந்த விபத்து முன்பை விட அதிகமாகக் கொன்றது. 2020-ல் இறந்தவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் அதிவேகத்தால் இறந்ததாகவும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த சதவீதத்தை நான் முழுதாக நம்புவதில்லை. விபத்துப் படிவத்தில் "அதிவேகம்" என்று எழுதுவது எளிது, ரோட்டுக் குழியையும் எரியாத விளக்கையும் எழுதுவது சிரமம். ஆனால் வகுத்துப் பார்த்த கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை.

அமெரிக்காவில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2020-ல் அங்கே வாகனங்கள் ஓடிய மொத்த தூரம் சுமார் 11 சதவீதம் குறைந்தது. சாலை மரணங்களோ சுமார் 7 சதவீதம் கூடின. கலிஃபோர்னியாவில் ஊரடங்கு தொடங்கிய முதல் மாதத்தில், மணிக்கு 100 மைலுக்கு மேல், அதாவது 160 கி.மீ.க்கு மேல் பறந்ததற்காகப் போலீசார் கொடுத்த நோட்டீஸ்கள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தை விட 87 சதவீதம் அதிகம்.

காலி ரோடு ஏன் ஆபத்து? பிளஸ் ஒன் இயற்பியல் போதும். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை போக ஒரு நொடி ஆகும் என்று வைத்துக் கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 10 மீட்டர். மொத்தம் 21. இதுவே 80 கி.மீ. என்றால் முதல் நொடியில் 22 மீட்டர், பிரேக்கில் சுமார் 41 மீட்டர், மொத்தம் 63. வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் மூன்று மடங்கு. வீட்டு வாசலில் இருந்து இறகுப் பந்தின் பின்னால் ஓடி வரும் பிள்ளைக்கு 63 மீட்டர் கிடைக்காது. ராயபுரத்திலும் காதர்பேட்டையிலும் உள்ள வீதிகளில் அவ்வளவு தூரம் பார்வையே எட்டாது.

உலக நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்கள் 2020 பிப்ரவரி 19, 20 தேதிகளில் ஸ்டாக்ஹோமில் கூடினார்கள். மனிதர்களும் வாகனங்களும் கலந்து போகும் வீதிகளில் வேகம் 30 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று அங்கே பிரகடனம் செய்தார்கள். அதே 20-ம் தேதி அதிகாலை நம் அவினாசி அருகே, எதிர்ப்பக்கம் வந்த கன்டெய்னர் லாரி மீடியனைத் தாண்டி பாய்ந்து கேரள அரசு பஸ்ஸில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். அது நெடுஞ்சாலை, காரணமும் வேறு. ஆனால் அந்த நேரத்தில் அங்கே ஜாம் எதுவும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"அவசரத்துக்குப் போகிறோம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஊருக்குள் 5 கி.மீ. தூரத்தை 40-ல் போனால் ஏழரை நிமிடம், 60-ல் போனால் 5 நிமிடம். லாபம் இரண்டரை நிமிடம். காம்பேக்டிங்கில் இருந்து துணி வர இரண்டரை நிமிடம் தாமதமானதால் எந்த ஷிப்மென்ட்டும் கேன்சல் ஆனதில்லை. ஆனால் கம்பெனியில் இருந்து "எங்கே வந்துட்டே?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செல்போனில் கேட்கிறார்களே, அவர்களுக்கும் இதில் பங்குண்டு. 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் இரண்டு நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார்.

சரி, கம்ப்யூட்டர் பத்திரிகையில் இதை ஏன் எழுதுகிறேன்? இன்று திருப்பூரில் பல பனியன் கம்பெனி வாசல்களிலும் வீடுகளிலும் ரோட்டைப் பார்த்து ஒரு சிசிடிவி கேமரா இருக்கிறது. திருடனைப் பிடிக்க வைத்தது. அதுவே ஒரு வேகமானி என்பது பலருக்குத் தெரியாது.

கேமரா பார்வைக்குள் ரோட்டோரமாக இரண்டு அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கேட் தூணும் அடுத்த வீட்டுத் தூணும் போதும். இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து விடுங்கள். அகலக் கோண லென்ஸ் ஏமாற்றும் என்பதால் படத்தைப் பார்த்து உத்தேசமாகச் சொல்லக் கூடாது. அடுத்து டிவிஆர் செட்டிங்ஸில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று பாருங்கள். 25 என்று விற்றிருப்பார்கள். ஹார்டு டிஸ்க் சீக்கிரம் நிரம்பக் கூடாது என்று பொருத்தியவர் 15 அல்லது 12 ஆக்கியிருப்பார். ரெக்கார்டிங்கை காப்பி செய்து விஎல்சி மீடியா பிளேயரில் திறந்து பாஸ் செய்யுங்கள். கீபோர்டில் ஆங்கில "இ" எழுத்தை ஒரு முறை தட்டினால் ஒரு ஃப்ரேம் நகரும். வண்டியின் முன் சக்கரம் முதல் அடையாளத்தில் இருந்து இரண்டாவதுக்கு வர எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். தூரம் 20 மீட்டர், நொடிக்கு 15 ஃப்ரேம், 18 தட்டு என்றால், 20-ஐ 15-ஆல் பெருக்கி, 18-ஆல் வகுத்து, 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 60 கி.மீ. ஒரு ஃப்ரேம் முன்பின் ஆனால் சுமார் 3 கி.மீ. வித்தியாசம் வரும். அது போதும். 30-ஆ 60-ஆ என்று தெரிந்தால் போதாதா? செட்டிங்ஸில் உள்ள எண் மேல் சந்தேகம் இருந்தால், படத்தின் மூலையில் ஓடும் கடிகாரத்தில் ஒரு நொடி மாறுவதற்குள் எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு மணி நேர ரெக்கார்டிங்கில் 20 வண்டிகளை இப்படி அளந்து, நேரம், வேகம் என இரண்டே பத்தியாக எழுதுங்கள். உங்கள் வீதியைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத தகவல் உங்கள் கையில் இருக்கும். தயவு செய்து அந்த வீடியோவை "பாருங்க இந்தப் பயலை" என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நம்பர் பிளேட்டோடு ஊர் முழுக்கச் சுற்றினால் சண்டைதான் வரும், வேகம் குறையாது. ஓட்டியது உங்கள் வீட்டுப் பையனாகவே இருந்தாலோ? 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

அந்தப் பட்டியலை வார்டு கவுன்சிலரிடமும் டிராஃபிக் போலீசாரிடமும் கொடுங்கள். வேகத்தடை கேட்டால் முறையாகக் கேளுங்கள். இந்திய சாலைக் காங்கிரசின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் தாண்டலாம். நம் வீதிகளில் ராத்திரியோடு ராத்திரியாக மீதி சிமெண்ட்டைக் கொட்டி, பெயிண்ட்டும் அடிக்காமல் போடுகிறார்களே, அது மெதுவாக வரும் மொபெட்டையும் கவிழ்க்கும்.

உங்கள் வீடியோவை வைத்து யாருக்கும் அபராதச் செலான் போட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதிகளின்படி அதற்கான கருவி ஆண்டுதோறும் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அது இருப்பதாக ரோட்டில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். நோட்டீஸ் 15 நாட்களுக்குள் போக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. ஆனால் அந்தக் கருவியை எந்த ரோட்டில், எந்த நேரத்தில் வைப்பது என்று சொல்ல உங்கள் பட்டியல் உதவும்.

ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டனவே என்று நினைக்க வேண்டாம். திருப்பூருக்கு ஆண்டுதோறும் ஒரு ஊரடங்கு வருகிறது. தீபாவளிக்கு போனஸ் வாங்கிக் கொண்டு வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் கிளம்பி விடுவார்கள். கம்பெனிகள் மூடியிருக்கும். குமரன் ரோடு 2020 ஏப்ரல் போலவே படுத்துக் கிடக்கும். பிள்ளைகள் வீதியில் பட்டாசு வெடித்துக் கொண்டிருப்பார்கள். அளந்து பார்க்க அதை விடப் பொருத்தமான நாட்கள் கிடையாது. டிஸ்க் நிரம்பினால் டிவிஆர் பழைய ரெக்கார்டிங்கைத் தானாக அழித்துவிடும். சிறிய டிஸ்க் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது. லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் முதல் வேலையாக அந்த நாட்களின் பதிவை பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளுங்கள்.