சக்கரத்துக்கு ஒரு கூரை

சென்ற கார்த்திகைத் திங்களில், மழை விட்டும் விடாததுமாயிருந்த ஒரு காலையில், சுவாமிமலைக் கோயிலை அடுத்த தெருவொன்றில் யாம் கண்ட காட்சியே இதனை எழுதத் தூண்டிற்று. பெருஞ்சக்கரம் பூட்டிய ஜீப் ஒன்று தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அதன் டயர்கள் வண்டியின் உடலுக்கு வெளியே நான்கு விரற்கடை துருத்தியிருந்தன; மட்கார்டோ உள்ளேயே நின்றுவிட்டது. ஓரத்தில் அமர்ந்து பூ விற்ற மூதாட்டியின் கூடையிலும், பள்ளி செல்லும் சிறார் இருவரின் வெண்சட்டையிலும் சேறு அப்பிற்று. ஓட்டியவர் திரும்பிப் பாராமலே சென்றார். அவர்முன் இருந்த கண்ணாடி சுத்தமாகத்தானே இருந்தது!

காவிரியின் வண்டல்மேல் யாம் குறை கூறோம். அவ்வூர் ஸ்தபதிகள் மெழுகுருவின்மேல் பூசி வார்ப்புக்குக் கருக்கட்டுவது அம்மண்ணைக் கொண்டன்றோ? குறையெல்லாம் சக்கரத்தை அகட்டியவர் அதற்குக் கூரை வேயாமையே.

சுழலும் டயர் தன் பள்ளங்களில் பற்றிய சேற்றையும் கல்லையும் விளிம்பின் போக்கிலே வீசியெறியும். அவ்வீச்சைத் தடுப்பதே மட்கார்டின் தொழில். டயர் வெளியே நீண்டால் மட்கார்டும் நீளவேண்டும். அதற்கென விற்கப்படும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் விளிம்புக்கே ‘ஃபெண்டர் ஃபிளேர்’ என்று பெயர். பலர் இதனை வெறும் அணிகலனாக எண்ணி, சிறு டயருக்கும் பெரு விளிம்பு சூட்டுகின்றனர். வேண்டுவோரோ பூட்டாமலே திரிகின்றனர். பூட்டுவதிலும் கவனம் தேவை. தகட்டில் துளையிட்டுத் திருகாணி முடுக்குங்கால், துளையின் விளிம்புக்கு வர்ணம் பூசாவிடின், இடுக்கில் தங்கிய ஈரச்சேறு ஈராண்டு மழைக்குள் துருவை அழைத்துவரும்.

இனி, அத்துணை அகன்ற டயர் நம் நாட்டுக்கு வேண்டியதுதானா? மணற்பாங்கில் மிதந்து செல்ல அது உதவும், ஐயமில்லை. உழுது சேறாக்கிய நஞ்சையிலோ, மேற்சேற்றின் கீழே பன்னெடுங்கால உழவால் இறுகிய தளம் ஒன்று உண்டு. ஒடுங்கிய சக்கரம் சேற்றை அறுத்துக்கொண்டு அத்தளத்தை எட்டும். நம் கட்டைவண்டியின் சக்கரம் உயர்ந்தும் ஒடுங்கியும் இருப்பதைக் காண்க. (அவ்விரும்புப் பட்டை சாலையைக் கீறியது உண்மையே.) இரண்டாம் உலகப்போரில் உழன்ற வில்லிஸ் ஜீப்பின் டயர் அகலம் 6 அங்குலமே. 2020-இல் வந்த புதிய தாரில் பூட்டிவரும் டயரோ 255 மில்லிமீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 10 அங்குலம். இதுவும் போதாதென்று 12½ அங்குலம் தேடுவார் உளர். விட்டமும் பெருத்தால், வேகமானி உண்மையினும் குறைவாய்க் காட்டும். பிரேக்குக்குச் சுமை கூடும். வளைவில் டயர் உடலில் உராயும்.

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்தினின்று சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்திற்று. ஆதலின் டயரை அகட்ட விரும்பும் அன்பர் பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உசாவுவதே முறை. அனுமதி கிட்டாதெனில் அவ்வாசையை விட்டொழிக்கட்டும். கிட்டுமெனில், டயர் வாங்கும் அன்றே விளிம்பையும் வாங்கட்டும்.

அன்று மாலை அதே தெருவில் டிராக்டர் ஒன்று வயலினின்று மீண்டது. அதன் பின்சக்கரம் ஆள்மார்பளவு உயரம். அதன்மேல் அகன்று கவிந்திருந்தது மட்கார்டு. மூதாட்டி கூடையை நகர்த்தவும் இல்லை.