10 ரூபாய் காசுல தமிழ் எங்கே?

தோழர்களே, பாக்கெட்ல இருக்குற 10 ரூபாய் காசை எடுங்க. இந்தி இருக்கு, இங்கிலீஷ் இருக்கு. தமிழ்? தேடாதீங்க, இல்ல.

'காசு சின்னது, எல்லா மொழிக்கும் இடம் ஏது'ன்னு முட்டுக்கொடுக்க வருவாங்க. சிங்கப்பூர் 1 டாலர் காசு இதைவிடச் சின்னது. அதுல தமிழோட சேர்த்து நாலு மொழி! இலங்கைக் காசுலகூட (ஆமாங்க, அந்த இலங்கைதான்) 'ரூபாய்'னு தமிழ்ல இருக்கு.

'நோட்டுல இருக்கே'ம்பாங்க. இருக்கு, பின்பக்கம் 15 மொழியில ஒண்ணா, பொடி எழுத்துல. இந்திக்கும் இங்கிலீஷுக்கும் முன்பக்கம் பெரிய எழுத்து. பத்தலைன்னு 2016-ல இருந்து தேவநாகரி எண் வேற!

மொரீஷியஸ்ல 1998-ல புது நோட்டுல தமிழைக் கீழே தள்ளினாங்க. அங்குள்ள தமிழர்கள் கொதிச்சாங்க. அரசு அந்த நோட்டையே வாபஸ் வாங்குச்சு.

உங்க கையில இருக்குற காசைப் படம் எடுத்து கமெண்ட்ல போடுங்க.

#காசில்_தமிழ்_எங்கே