எழும்பாத மாளிகை

தவறிப்போன சோதனையின் ஏட்டைக் கிழிக்காதே! சோதனைச்சாலையில் எங்களுக்குச் சொல்லப்படும் முதல் விதி இது. ஈடேறாத முயற்சியும் ஓர் உண்மையைச் சொல்லும். சரித்திரத்திற்கும் இவ்விதி பொருந்தும் என்பது என் துணிபு. சான்றாக, கட்டப்படாத ஒரு மாளிகையைக் காட்டுகிறேன்.

1744-இல் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவ், கம்பெனியின் வணிகக் கணக்கு எழுதும் ஒரு குமாஸ்தா. 1751-இல் ஆர்க்காட்டில் பெயரெடுத்தான். 1757-இல் பிளாசியில் வென்றான். அவ்வெற்றிக்குப் பின் அவன் பெற்ற தொகை 2,34,000 பவுன். ஆண்டுக்கு 27,000 பவுன் வருமானமுள்ள ஜாகீர் வேறு!

1769-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கிளேர்மாண்ட் என்னும் பண்ணையை வாங்கினான். அங்கிருந்த மாளிகையை இடித்துப் புதியது எழுப்ப விரும்பினான். கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் ஒரு திட்டம் வரைந்தார். இளமையில் சுவீடன் நாட்டுக் கம்பெனியின் கப்பலில் வங்காளமும் சீனமும் கண்டவர் அவர். கிளைவ் அதை ஏற்காமல், தோட்டக் கலையில் புகழ்பெற்ற ‘கேப்பபிலிட்டி’ பிரவுனின் திட்டத்தை ஏற்றான். சேம்பர்ஸின் மாளிகை தாளோடு நின்றது. 1772-இல் கீழ்நாட்டுத் தோட்டங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் அவர் பிரவுனின் பாணியைத் தாக்கினார்.

கலை பயில்வோர் இதை இரு கலைஞர்களின் பூசலாகப் படிக்கின்றனர். அது பாதிக் கதைதான். அந்த மாளிகையின் பேச்சு நடந்த அதே நாட்களில், 1769-70-இல், வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டனர் என்று கணித்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். இந்தப் படமா, அந்தப் படமா என்று தேர்ந்துகொள்ளும் வசதி ஒருவனுக்கு. இன்று உண்போமா என்ற ஐயம் இலட்சக்கணக்கானோருக்கு!

“மழை பொய்த்ததற்குக் கிளைவ் என்ன செய்வான்? அப்போது அவன் இந்தியாவிலேயே இல்லையே!” என்பீர்கள். உண்மை. ஆனால் 1765-இல் கம்பெனிக்குத் திவானி உரிமையை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, வாங்கித் தந்தவன் அவனே. பஞ்சத்திலும் அந்த வசூல் இரக்கமின்றி நடந்தது. ஒதுக்கிய படத்திற்கும் எழுந்த மாளிகைக்கும் முதல் ஒன்றே.

இதையெல்லாம் விடுதியில் ஒரு வங்க நண்பரிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார்: “கிளைவுடன் சென்னையிலிருந்து சிப்பாய்களும் கப்பலேறி வந்தார்களே, அவர்கள் யார்?” நான் வாயடைத்துப் போனேன். பிழைப்புக்காகக் கரக்பூர் ரயில்வேக்கு வந்த குடும்பம் என்னுடையது. அந்தச் சிப்பாய்களையும் கூலிதானே இழுத்து வந்தது? அவர்களில் தமிழரும் இருந்தனர் என்பதை மறைத்துவிட்டுக் கிளைவை மட்டும் ஏசினால், நானும் ஏட்டைக் கிழித்தவனே ஆவேன்.

கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் கிளைவின் சலவைக்கல் சிலை நிற்கிறது. அதை உடைக்க வேண்டாம். கணக்கைத் திறந்து வைத்தால் போதும். நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவில் இசைக்கும் விருந்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். வங்க மாணவர்களையும் அழைத்து ஆர்க்காடு, பிளாசி, கிளேர்மாண்ட் மூன்றையும் ஒன்றாகப் பேசுவோம்.

கட்டிய மாளிகையிலும் கிளைவ் வாழவில்லை, 1774-இல் இறந்தான். மாளிகை அவனுக்கு உதவவில்லை. வரைபடமாவது நமக்கு உதவட்டும்!