தூர்வார நாம், தீர்மானிக்க அவர்களா?



சுற்றுச்சூழல் பாடத்தின் முதல் பக்கத்தை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். பூமியின் தண்ணீரில் 97.5 சதவீதம் உப்பு நீர்; நன்னீர் 2.5 சதவீதம்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டி. கணக்கு சரி. மிச்சமிருக்கிற கொஞ்சத் தண்ணீர் யார் கையில் இருக்கிறது? அந்தக் கேள்வி மட்டும் பாடத்தில் வராது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். குண்டாறு வருடத்தின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். அதனால்தான் இங்கே கண்மாய்கள். மழை குறைவது இயற்கை. வந்த தண்ணீர் எந்த மடை வழியாக யார் வயலுக்கு முதலில் போகிறது என்பது இயற்கை அல்ல, அது அதிகாரம்.

‘அந்தக் காலத்தில் ஊரே கூடி கண்மாயைக் காத்தது, அதுதான் குடிமராமத்து’ என்று மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். ஊர் என்றால் யார்? சேரியும் காலனியும் அதில் உண்டா? மண் சுமந்ததும் மடை காத்ததும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். முறை சொன்னது நிலம் வைத்திருந்தவர்கள். அந்த வேலை மனமுவந்த கூட்டுழைப்பு மட்டுமே என்றால், வராதவரைத் தண்டிக்க 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு? ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆய்வு செய்த மானுடவியலாளர் டேவிட் மோஸ், 2003-ல் வெளியான தன் நூலில், அந்த நீர் மேலாண்மை சாதியோடும் அரசதிகாரத்தோடும் பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இது பழங்கதை அல்ல. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, பணிகளை ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களிடம் கொடுத்தது. ஆயக்கட்டில் நிலம் இருந்தால் உறுப்பினர். நிலமே இல்லாதவருக்கு? நூறு நாள் வேலையில் கொளுத்தும் வெயிலில் கண்மாயை வெட்டுகிற நம் அம்மாக்களுக்கு அங்கே வாக்கில்லை. தண்ணீர் மட்டுமா கண்மாய்? மீன் குத்தகை, சீமைக்கருவேல மர ஏலம், கரம்பை மண் எல்லாமே கண்மாய்தான். அந்த வருமானத்தில் காலனிக்கு வந்த பங்கு எவ்வளவு?

‘நீடித்த வளர்ச்சி’ என்றால் வருங்காலத் தலைமுறைக்கும் மிச்சம் வைப்பது என்று சொல்லித் தருகிறார்கள். 1987-ல் இந்தக் கருத்தை உலகுக்குச் சொன்ன புருண்ட்லாண்ட் அறிக்கை, ஏழைகளின் அடிப்படைத் தேவைக்கே முதலிடம் என்றும் சேர்த்தே சொன்னது. அந்தப் பாதியை எந்தச் சூழலியல் மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? இன்னும் பிறக்காத பிள்ளைக்காகக் கவலைப்படுகிறவர்கள், இன்று குடம் தூக்கி நிற்கிற பிள்ளையைப் பார்ப்பதில்லை.

தண்ணீர் உரிமை யாரும் போட்ட பிச்சை அல்ல. 1924-லேயே பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லோருக்கும் என்று சென்னை சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20-ல் மகாத் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார் அண்ணல் அம்பேத்கர். அரசியலமைப்பின் 15-வது பிரிவும் அதையே உறுதி செய்தது. இத்தனைக்கும் பிறகு 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. எந்த நீர்ச்சுழற்சிப் படம் அதை விளக்கும்?

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடுகிறது. மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். பாசன சங்கத்தில் நிலமற்றவர்களுக்கு ஏன் இடமில்லை? குத்தகை, ஏலப் பணம் எங்கே போனது? காலனிக்குக் குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஊருக்கு எத்தனை நாளுக்கு? வரத்துக் கால்வாயை அடைத்தவர் யார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

சாதியைத் தொடாத சூழலியல், மேலே உள்ள மடையை மட்டும் திறக்கிற சூழலியல். கடைமடையில் இருக்கிறவர்கள் நாம். நமக்கு அது போதாது.

ஜெய் பீம்!